கால் மாறக்கூடாது

வேலியோரம் ஒரு சைக்கிள் நிற்கிறது. ஸ்டாண்டில் ஏற்றி வைத்ததால் பின்சக்கரம் நிலத்தில் படவில்லை. ஐம்பது வயது தாண்டிய ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் ஏறியிருந்து மிதிக்கிறார். வியர்வை மூக்கு நுனிவரை வந்து ஹாண்டிலில் சொட்டுகிறது. சைக்கிள் ஓர் அங்குலமும் நகரவில்லை. சுற்றிவரச் சனம் குந்தியிருக்கிறது. ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் மண்ணைப் பார்த்தபடி காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விசுவமடுவில் நான் இருந்த காணியின் முன்வளவு அது. மிதித்தவர் பெயர் செல்லமுத்து. அவர் மிதித்தால்தான் வானொலி பேசும்.

போன கிழமை இந்தப் பத்தியில் மரத்தடிப் பள்ளிக்கூடத்தின் கதையைச் சொன்னேன். அதை வாசித்த சிநேகிதி ஒருத்தி, "உங்கட றேடியோவைப் பற்றி ஏன் எழுதேல்லை?" என்று கேட்டாள். எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சிரிப்பாகத் தொடங்கலாம். சிரிப்பாக முடிக்க முடியாது.

மிளகாயும் பற்றரியும்

நான் பௌதிகம் படிப்பித்தவள். மின்சாரம் இல்லாத ஊரில் மின்சாரம் படிப்பிக்கும் கொடுமை எனக்குத்தான் தெரியும். கரும்பலகையில் பல்ப் ஒன்று வரைவேன். அது எரிகிறது என்று காட்ட நாலு பக்கமும் கோடு இழுப்பேன். "ரீச்சர், உது எரிஞ்சு நீங்கள் கண்டு எத்தினை வரியம்?" என்று ஒருவன் கேட்டான். அவனை அடிக்கவும் மனம் வரவில்லை, சிரிக்கவும் மனம் வரவில்லை.

போர் நடந்த அந்தக் காலத்தில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஓமந்தைப் பக்கம் வவுனியாவிலிருந்து வருகிறவர்களின் பைகளை ஆமிக்காரர் கொட்டித் தேடுவார்கள். பென் ரோச்சுக்குப் போடும் சின்னப் பற்றரி அகப்பட்டாலும் ஆளை மறித்து வைத்துவிடுவார்கள். ஆகவே உள்ளே இருந்த பற்றரிகள் சாகவே விடப்படவில்லை. செத்ததைத் தகரத்தில் போட்டு வெயிலில் காயவைப்போம். அடியில் ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விடுவோம். மிளகாயும் பற்றரியும் ஒரே சுளகில் காய்ந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அப்படி எழுப்பிய பற்றரி ஒரு செய்தி முடியும் வரை தாங்கும். பிறகு உள்ளுக்குள் கசிந்து வானொலியின் வயிற்றை அரித்துவிடும்.

மோட்டார் சைக்கிளும் அப்படித்தான் ஓடியது. துளி பெற்றோல் காட்டி இயந்திரத்தை ஏமாற்றி எழுப்புவார்கள். எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வீதியெல்லாம் குப்பி விளக்கு அணைந்த மணம். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதலாம். நான் கதையை விட்டு விலகுகிறேன், விலகுவது எனக்குச் சுகமாக இருக்கிறது.

பாலனின் கால்

சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்பது என் கண்டுபிடிப்பு இல்லை. யாழ்ப்பாணத்திலேயே அது பழகிவிட்டது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, செய்தி கேட்போம். இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் எங்களோடு வந்தது.

எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் கடை வைத்திருந்தவன் பாலன். கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பூவரச மரம், அதில் தொங்கும் ரியூப்புகள், ஒரு சட்டித் தண்ணீர். கையால் சுற்றினால் தோள் கழன்றுவிடும் என்று சொல்லி, சைக்கிளை உயரமான ஸ்டாண்டில் ஏற்றி, ஆளே ஏறியிருந்து மிதிக்கும்படி செய்தவன் அவன்தான். கால் களைக்காது. ஆனால் கால் உணர்ச்சிவசப்படும். அதை நாங்கள் யோசிக்கவில்லை.

ஒருநாள் மாலைச் செய்தியில் தடைகள் தளரப் போகின்றன, மருந்தும் மண்ணெண்ணெயும் தாராளமாக வரப்போகின்றன என்று வாசித்தார்கள். மிதித்துக்கொண்டிருந்தவன் பாலன். கேட்டதும் உற்சாகம் தலைக்கேறி, அடுத்த ஊரான உடையார்கட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லுகிறவன் மாதிரி மிதித்தான். டைனமோவுக்கு வேகம் கூடினால் மின்னழுத்தம் கூடும். வானொலி ஒருதரம் உரக்கக் கத்தியது. பிறகு புகைந்தது.

"என்ன செய்தனீ?" என்று கேட்டேன்.

"நான் என்ன செய்யிறது ரீச்சர், கால் தன்ரபாட்டிலை ஓடிப்போச்சு."

தடையும் தளரவில்லை, வானொலியும் போயிற்று. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு சட்டம் போட்டேன். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, ஏறியிருக்கிறவருக்குக் கால் மாறக்கூடாது. வகுப்பில் சொல்லுகிற குரலில் சொன்னேன். பாலன் அதைக் கரித்துண்டால் ஒரு பலகையில் எழுதி எங்கள் முன்வளவு மரத்தில் மாட்டிவிட்டான். வருகிறவர்கள் எல்லாரும் வாசித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வானத்திலிருந்து விழுந்த பெட்டி

மாரி தொடங்கிய நாட்களில் ஒருவர் ஈரச் சாரத்தோடு படலையில் வந்து நின்றார். கையில் ஒரு வெள்ளைப் பெட்டி. கனமே இல்லாத, நுரை அட்டை போன்ற ரெஜிபோம் பெட்டி. அதில் நீளமான நூலும் கிழிந்த பலூன் துண்டும் தொங்கின.

"டீச்சருங்களா? வட்டக்கச்சிப் பக்கம் வயலுக்குள்ள கெடந்துச்சுங்க. குண்டுன்னு எல்லாரும் ஓடுறாங்க. நீங்க பாத்தா தெரியும்னு சொன்னாங்க."

அவர்தான் செல்லமுத்து. மலையகத்தில் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அங்கே கலவரத்தில் தொழிலாளர் லயத்துக்குத் தீ வைத்தபோது குடும்பத்தோடு ஓடிவந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களில் ஒருவர். ஊர்ச் சனமெல்லாம் குண்டென்று ஓடிய பொருளை அவர் குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்திருந்தார். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன்.

பெட்டியில் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் எழுதியிருந்தது. எங்கள் மொழியில் ஒரு சொல்லும் இல்லை. ஆங்கிலத்தைப் படித்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இது வானிலைக் கருவி, ஆபத்தில்லாதது. அக்கரையில், இந்தியாவில், பலூனில் கட்டி விடுகிறார்கள். மேலே போய்க் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து சொல்லிவிட்டு, பலூன் வெடித்ததும் விழுந்த இடத்தில் விழும். இது கடலைத் தாண்டி வந்து ஒரு வயலில் விழுந்திருக்கிறது.

உள்ளே சின்னதாக ஒரு பற்றரி இருந்தது. தண்ணீரில் நனைத்தால் உயிர்பெறும் வகை. அப்படியொன்றைப் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். கோப்பைத் தண்ணீரில் வைத்து ஒரு ரோச் பல்ப்பைத் தொடுத்தேன். பறந்ததுபோக மிச்சமிருந்த பலத்தில் பல்ப் எரிந்தது. செல்லமுத்து குனிந்து கோப்பைக்குள் பார்த்தார். பல்ப் மங்கி அணையும்வரை நிமிரவில்லை. அந்த மிச்சமும் தீர்ந்தால் பிறகு எழும்பாது அது.

அதன்பின் கொஞ்ச நாள் இன்னொரு பெட்டி விழாதா என்று சனம் வானத்தைப் பார்த்துத் திரிந்தது. வானத்திலிருந்து ஏதாவது விழவேண்டும் என்று எங்கள் ஊர் ஆசைப்பட்ட ஒரே காலம் அதுதான்.

எனக்கு வேண்டியது பெட்டிக்குள் இருந்த பலகையில் கிடைத்தது. நாலு டயோட். டைனமோ தருகிற மின்சாரம் முன்னும் பின்னுமாக ஓடுவது. டயோட் அதை ஒரே திசையில் திருப்பிவிடும். அவற்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது செல்லமுத்து கேட்டார்.

"இது அங்கருந்து இங்க வந்துருச்சுங்களே டீச்சர். வெறும் காத்துல. அப்ப ஆள் போற படகு இங்கருந்து அங்க போயிரும்தானே?"

யார் போகப் போகிறார்கள் என்று கேட்டேன். மகள் யோகேஸ்வரியும் மருமகனும் என்றார். அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை. "சின்னக்குட்டிக்கு மூச்சு எடுக்க முடியல. இங்க மருந்து இல்ல. அங்க முகாமுல ஆஸ்பத்திரி இருக்குன்னு சொல்றாங்க."

காற்று வேறு, கடல் வேறு என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டினார். மருந்தில்லாத ஊரில் அந்த விளக்கத்துக்கு என்ன பெறுமதி? மாரி முடிந்து கடல் இறங்கியதும் அவர்கள் படகேற மன்னார்ப் பக்கம் போனார்கள்.

கனகமக்காவின் தொலைக்காட்சி

டயோட் மட்டும் போதாது. மிதிக்கும்போது குரல் ஏறும், இறங்கும். வாசிப்பவர் கிணற்றுக்குள் இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைத்துச் சீராக விடுவதற்குப் பெரிய கப்பாசிட்டர் ஒன்று வேண்டும். அது இருந்த இடம் எனக்குத் தெரியும். கேட்கத்தான் பயம்.

கனகமக்காவும் நானும் ஒரே காணியில் இரண்டு கொட்டில்களில் இருந்தோம். இடம்பெயரும்போது மற்றவர்கள் நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரத்தில் அவா தொலைக்காட்சிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தவா. கரண்ட் வந்தால் பார்க்கலாம் என்பது அவாவின் கணக்கு. அதற்குப் பூப்போட்ட துணி போர்த்தி, மேலே சாமிப்படம் வைத்திருந்தா. ஒருவரையும் தொடவிடமாட்டா.

அவாவின் ஒரே மகன் தயாளனும் படகேறிப் போனான். போன அடுத்த நாள் அவாவே என் கொட்டில் வாசலில் வந்து நின்றா.

"பிள்ளை, அதைக் கழட்டு."

"எதையக்கா?"

"ரீவியை. என்ர பிள்ளையின்ர பேரை றேடியோவிலை வாசிக்கேக்கை எனக்குத் தெளிவாய்க் கேக்கவேணும்."

சாமிப்படத்தைத் தன் கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. நான் பெட்டியைத் திறந்து கப்பாசிட்டரைக் கழற்றினேன். ஈயம் பற்றவைக்க மின்சாரம் ஏது? மரப்பிடி போட்ட செப்புத் துண்டொன்றைச் சிரட்டைக் கரி நெருப்பில் காய்ச்சி, பழைய பலகைகளில் சுரண்டிய ஈயத்தையும் கொஞ்சம் குங்கிலியத்தையும் வைத்து ஒட்டினேன். பாலன் கொண்டுவந்த இரவல் வானொலியை இணைத்து மிதித்துப் பார்த்தோம். குரல் அலையவில்லை. மிதிப்பதை நிறுத்தியபிறகும் மூன்று நாலு சொல்லுக்குத் தாங்கியது. அன்று எனக்கு இருந்த பெருமையை மறைக்கப் போவதில்லை.

பெயர்கள்

அக்கரை வானொலி ஒன்றில் கிழமைக்கு ஒருநாள், பொழுது சாய்கிற நேரத்தில், படகில் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். படகு படகாக வாசிப்பார்கள். இன்னாருடைய மகன் இன்னார், அம்மாவுக்குச் சொல்லுவது, சுகமாக வந்து சேர்ந்தேன். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காக மாங்குளத்திலிருந்தும் ஆட்கள் சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் முன்வளவில் தானாக ஒரு வழக்கம் வந்தது. யார் பெயருக்காக அதிகம் தவிக்கிறாரோ அவர் ஏறி மிதிப்பார். அதில் எனக்கு உடன்பாடில்லை. மிதிக்கிறவரின் காதுக்குக் கீழே டைனமோ கீச்சிடும். வளவிலேயே குறைவாகக் கேட்பது அவருக்குத்தான். விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. சும்மா குந்தியிருந்து காத்திருப்பதைவிடக் காலுக்கு வேலை கொடுப்பது ஆறுதல் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

செல்லமுத்து ஒவ்வொரு கிழமையும் வந்தார். முதல்நாள் ஏறியபோது மரத்தில் தொங்கிய பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார். "சரிங்க டீச்சர்" என்றார். அவர் மிதித்தபோதுதான் வானொலி நல்லபடி பேசியது. தேயிலை மலையில் ஏறி இறங்கிய கால். ஒரே சீர். டைனமோவின் கீச்சுச் சத்தத்தைக் கேட்டே மிதிக்கிறவரின் மனநிலை எனக்குத் தெரிந்துவிடும். அவருடைய சத்தத்திலிருந்து ஒன்றும் தெரியாது.

பெயர்கள் வந்தன. கேட்டவர்கள் அழுதார்கள், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். யோகேஸ்வரி வரவில்லை. தயாளனும் வரவில்லை. "அடுத்த கிழமை வாசிப்பினம்" என்று கனகமக்கா செல்லமுத்துவுக்குச் சொல்லுவா. "வாசிப்பாங்கம்மா" என்று அவர் கனகமக்காவுக்குச் சொல்லுவார்.

அந்த மாலை

அன்று மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு நின்றது. செல்லமுத்து நேரத்தோடு வந்து ஏறிக்கொண்டார். கனகமக்கா பாலனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தா. நான் சக்கரத்துக்குப் பக்கத்தில், வானொலியின் முள்ளைப் பிடித்தபடி இருந்தேன்.

வாசிப்பவர் ஒரு பெண். முதல் படகின் பெயர்களை வாசித்தார். எங்கள் ஆட்கள் இல்லை. பிறகு கடலில் கவிழ்ந்த ஒரு படகைப் பற்றிச் சொன்னார். தப்பியவர்கள் சொன்னபடி, இறந்தவர்களின் பெயர்கள் இவை என்றார்.

மூன்றாவதோ நாலாவதோ பெயர். விசுவமடு, செல்லமுத்து மகள் யோகேஸ்வரி. அடுத்து அவருடைய கணவர் பெயர். கைக்குழந்தை ஒன்று.

என் காது உடனே சக்கரத்துக்குப் போனது. சத்தம் மாறவில்லை. கீச்சுக் குரல் ஒரு மயிரிழை ஏறவில்லை, இறங்கவில்லை. அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பாலன் எழும்பப் போனான். கனகமக்கா அவன் கையைப் பிடித்து இழுத்து இருத்தினா. ஏன் என்று எல்லாருக்கும் விளங்கியது. இன்னும் ஒரு படகு வாசிக்க இருக்கிறது. ஆள் இறங்கி ஆள் ஏறுவதற்குள் ஐந்தாறு பெயர் போய்விடும். போனால் திரும்ப வாசிக்கமாட்டார்கள். அவாவை நான் அன்றும் குறைசொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். அவா ஒரு தாய்.

தகப்பன் மிதித்துக்கொண்டிருந்தார். அவர் மிதித்த மின்சாரத்தில் அடுத்த படகின் பெயர்கள் வந்தன. கடைசிக்குக் கிட்ட ஒன்று: தயாளன், அம்மாவுக்குச் சொல்லுவது, சுகமாக வந்து சேர்ந்தேன், யோசிக்க வேண்டாம்.

கனகமக்கா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டா. சந்தோசச் சத்தம் ஒன்று வெளியே வந்துவிடுமோ என்று அவா பயந்த பயத்தை நான் பார்த்தேன். அப்படியொரு பயத்தை அதற்குமுன் நான் யாரிடமும் கண்டதில்லை.

வாசிப்பவர் வணக்கம் சொன்னார். செல்லமுத்து மிதிப்பதை நிறுத்தினார். கப்பாசிட்டரில் மிச்சமிருந்ததில் ஏதோ பாட்டின் முதல் இரண்டு சொல் வந்து அடங்கியது. அவர் இறங்கி, சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். நேரே கனகமக்காவிடம் போனார்.

"தம்பி போய்ச் சேந்துட்டாருங்கம்மா. எனக்கும் கேட்டுச்சு."

அவருக்கு எல்லாமே கேட்டிருக்கிறது.

"ஐயோ அண்ணை" என்றா கனகமக்கா. "நிப்பாட்டியிருக்கலாமே. நிப்பாட்டியிருக்கலாமே அண்ணை."

"நிப்பாட்டினா தம்பி பேரு கேட்டிருக்காதேம்மா." பிறகு மரத்திலிருந்த பலகைப் பக்கம் கையைக் காட்டினார். "டீச்சர்தான் சொல்லியிருக்காங்கள்ல. கால் மாறக்கூடாதுன்னு."

அது ஒரு வானொலி புகையாமல் இருப்பதற்காக நான் ஆத்திரத்தில் சொன்ன சொல். அதை ஒரு மனிதன் இதற்காகப் பிடித்துக்கொள்வான் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் நான் அழுவது முறையில்லை என்று பட்டது. டைனமோவைச் சக்கரத்திலிருந்து விலக்குகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

அவர் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"டீச்சர், ஒண்ணு மட்டும் கேக்கணும். சின்னக்குட்டி பேர வாசிச்சாங்களா? மக பேரு கேட்டுச்சு, மருமகன் பேரு கேட்டுச்சு. அவ பேரு மட்டும் எனக்குக் கேக்கல. இந்தச் சத்தத்துல போயிருச்சோ என்னமோ."

சத்தத்தில் போகவில்லை. வாசிக்கவேயில்லை. தப்பி வந்தவர்களுக்கு ஒரு குழந்தையின் பெயர் எப்படித் தெரியும்?

"கைக்குழந்தை ஒண்டு எண்டுதான் சொன்னவை அண்ணை" என்றேன்.

"பேரு சொல்லலியா?"

"இல்லை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் பிழையாக எழுதிய ஒன்றைத் திருத்துகிற மாதிரிச் சொன்னார்.

"அவளுக்குப் பேரு இருக்குங்க டீச்சர். தர்சினி."

மழை தொடங்கிவிட்டது. பாலன் அவரோடு கூடவே வீடுவரை நடந்து போனான். அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது மரத்தில் பலகை இல்லை. பாலன் அதைப் பிளந்து அடுப்புக்கு வைத்துவிட்டான். நானும் ஏனென்று கேட்கவில்லை.

வானொலி இன்னும் சில மாதம் பேசியது. பிறகு நாங்கள் மறுபடி இடம்பெயர்ந்தோம். செல்லமுத்து எந்தப் பக்கம் போனார் என்று எனக்குத் தெரியாது. விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தக் கிழமை வாசிக்கப்படாமல் போன பெயரை இந்தக் கிழமை இங்கே அச்சில் போடச் சொல்லியிருக்கிறேன். விசுவமடு, செல்லமுத்துவின் பேத்தி, யோகேஸ்வரியின் மகள், தர்சினி.